பாலி ஐசி சேர்த்த கொடுவா தடுப்பூசி: ஐந்தாம் நாள் வெற்றி ஐந்தாம் வாரத்தில் ஏன் காணாமல் போனது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் ஆய்வகம் சோழிங்கநல்லூரில் இருக்கிறது. கோவளம் பக்கம் கொடுவா நாற்றங்கால் வைத்திருக்கிறோம். வி.என்.என் எனும் நரம்புச் சிதைவு நோயைத் தரும் நோடா வைரஸுக்காக ஒரு தடுப்பூசி முயன்று வருகிறோம். ஈ.கோலையில் தயாரித்த வைரஸ் உறைப் புரதம் 20 மைக்ரோகிராம், அதோடு எதிர்ப்பைத் தூண்டும் பாலி ஐசி 100 மைக்ரோகிராம், இரண்டையும் பிபிஎஸ் எனும் உப்புத் தாங்கல் கரைசலில் கலந்து 12 கிராம் குஞ்சுகளுக்கு வயிற்றில் ஊசி போட்டோம். ஐந்தாம் நாள் வைரஸ் கொடுத்ததில், வெறும் பிபிஎஸ் போட்ட 15-ல் 11 செத்தன. தடுப்பூசி போட்ட 15-ல் 2 மட்டுமே. அடுத்த முறை அதே தயாரிப்பைப் போட்டு 35-ம் நாள் வைரஸ் கொடுத்தோம். பிபிஎஸ் குழுவில் 10, தடுப்பூசிக் குழுவில் 8 செத்துவிட்டன. ஃப்ரீசரில் இருந்த பாலி ஐசி கெட்டுவிட்டதா? அளவைக் கூட்டலாமா? மனிதத் தடுப்பூசிகளில் சேர்க்கும் எம்.பி.எல்லை வாங்கிப் போடலாமா? ஊசி போட முடியாத சின்னக் குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலக்கலாமா? 35-ம் நாள் எடுத்த சீரம் பத்திரமாக இருக்கிறது.

பதில்: முதல் சோதனையில் உங்கள் ஆர்.பி.எஸ், அதாவது ஒப்பீட்டுப் பிழைப்புச் சதவீதம், 82. இரண்டாவதில் 20. தடுப்பூசிக் குழுவின் சாவு விகிதத்தை பிபிஎஸ் குழுவின் சாவு விகிதத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, நூறால் பெருக்கிய கணக்கு இது. இரண்டில் ஒன்று பிழை என்று நினைக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முதலாவது பாலி ஐசியின் எண். இரண்டாவதுதான் உங்கள் தடுப்பூசியின் எண்.

பாலி ஐசி என்பது செயற்கையாகச் செய்த இரட்டை இழை ஆர்.என்.ஏ. நோடா வைரஸ் போன்ற ஆர்.என்.ஏ வைரஸ்கள் செல்லுக்குள் பெருகும்போது இதே வடிவம் உண்டாகும். அதனால் மீனின் செல்கள் அதைக் கண்டதுமே வைரஸ் புகுந்துவிட்டதாக எடுத்துக்கொள்கின்றன. அதை உணர மீனிடம் ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பிகள் உண்டு. செல்லின் உள்ளறைகளில் டி.எல்.ஆர் 3, செல்சாற்றில் எம்.டி.ஏ 5, இவற்றோடு பாலூட்டிகளிடம் இல்லாத டி.எல்.ஆர் 22. ஃபூகு மீனில் செய்த ஆய்வில் டி.எல்.ஆர் 22 செல்லின் மேற்பரப்பில் இருந்து நீளமான இரட்டை இழையைப் பிடிக்கிறது, டி.எல்.ஆர் 3 உள்ளே குட்டையானதைப் பிடிக்கிறது என்று தெரிந்தது. எது பிடித்தாலும் முடிவு இன்டர்ஃபெரான் எனும் எச்சரிக்கைப் புரதம். அதைத் தொடர்ந்து எம்.எக்ஸ், ஐ.எஸ்.ஜி 15, வைபெரின் போன்ற வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள் சில மணி நேரத்தில் எழும்பி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

நீங்கள் வைரஸ் கொடுத்த ஐந்தாம் நாள் அந்த அலை முழுக்க வடிவதற்கு முன்பு வருகிறது. அந்த நாளில் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருக்காது. 28-30 டிகிரி நீரிலும் அதற்கு மூன்று நான்கு வாரம் வேண்டும். ஆக, உறைப் புரதமே இல்லாமல் பாலி ஐசி மட்டும் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அத்தனை மீன்களும் பிழைத்திருக்கக்கூடும். பாலி ஐசி மட்டும் போட்ட குழு ஒன்று உங்கள் சோதனையில் இல்லாததால், இல்லை என்று உங்களால் மறுக்கவும் முடியாது.

இந்தத் தற்காலிகக் கவசத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. ஜப்பானில் ஒரு வகைக் களவா மீனுக்கு முதலில் பாலி ஐசி, பிறகு உயிருள்ள நோடா வைரஸ் என்று கொடுத்தார்கள். கவசம் இருக்கும்போது நுழைந்த வைரஸ் மீனைக் கொல்லாமல், பின்னாளில் வரும் தொற்றுக்கு எதிர்ப்பை மட்டும் விட்டுச்சென்றது. யோசனை அழகானது. கோவளத்தில் அதைச் செய்யாதீர்கள். பிழைத்த மீன் மூளையில் வைரஸைச் சுமந்துகொண்டு இருக்கலாம். உங்கள் வடிகால் நீர் போகும் கழிமுகத்தில்தான் அடுத்தவர் கூண்டும் இருக்கும்.

சரி, பாலி ஐசி போலத் தடுப்பூசியோடு சேர்க்கும் தூண்டியால் நீண்டகாலப் பலன் இல்லையா என்றால், உண்டு. அட்லாண்டிக் சால்மனில் கணைய நோய் வைரஸைச் செயலிழக்கச் செய்து, அதோடு சி.பி.ஜி எனும் செயற்கை டி.என்.ஏ துணுக்கு, பாலி ஐசி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது வைரஸை முடக்கும் ஆன்டிபாடி கூடியது, பாதுகாப்பும் கூடியது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆன்டிஜனும் (உங்கள் விஷயத்தில் உறைப் புரதம்) தூண்டியும் ஒரே நேரத்தில், ஒரே செல்லுக்குள் போய்ச் சேர வேண்டும். வெறும் பிபிஎஸ்ஸில் கலந்து போட்டால் வயிற்றறையில் உள்ள ஆர்.என்.ஏஸ் நொதிகள் பாலி ஐசியைச் சீக்கிரமே நறுக்கித் தள்ளும். புரதம் ஒரு பக்கம், தூண்டி ஒரு பக்கம் கரைந்து போகும். இன்டர்ஃபெரான் அலை எழுவதற்கு அது போதும். நினைவுச் செல்கள் உருவாக அது போதாது.

தூண்டியைப் பற்றிப் பேசுமுன் உங்கள் ஆன்டிஜனைப் பாருங்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். நோடா வைரஸின் உறைப் புரதம் ஈ.கோலையில் பெரும்பாலும் கரையாத கட்டியாகத்தான் வரும். அதை 8 மோலார் யூரியாவில் கரைத்து, நிக்கல் தூணில் சுத்தம் செய்து, அவசரமாக டயாலிசிஸ் செய்து எடுத்தால் கிடைப்பது மடிப்பு குலைந்த புரதம். மீன் அதற்கும் ஆன்டிபாடி உண்டாக்கும். ஆன்டிபாடியை அளக்கும் எலைசா தட்டில் நன்றாக நிறமும் வரும். ஆனால் முழு வைரஸின் மேற்பரப்பில் உள்ள வடிவத்தை அந்த ஆன்டிபாடி அடையாளம் காணாது. குறைந்த வெப்பத்தில், 18-20 டிகிரியில், மெதுவாக வெளிப்படுத்திக் கரையும் பகுதியைப் பிடியுங்கள். யூரியா தவிர்க்க முடியாவிட்டால் 6, 4, 2, 1 என்று படிப்படியாக இறக்கி, கடைசித் தாங்கலில் கால்சியம் சேருங்கள். சரியாக மடிந்த உறைப் புரதம் தானாகவே கூடி, ஆர்.என்.ஏ இல்லாத வெற்று வைரஸ் துகளாக நிற்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உருண்டைத் துகள் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள சிபா எனும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவுக்கென்றே மறுசேர்க்கைப் புரத வி.என்.என் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள அவர்கள் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். சொந்தமாக எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்வதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

இன்னொன்று, இந்தப் புரதத்தின் ஒரு முனையில் ஆர்ஜினின் நிறைய. நேர்மின் சுமை அதிகம். பாலி ஐசி முழுக்க எதிர்மின் சுமை. இரண்டையும் குறைந்த உப்பில் கலந்தால் குழாயில் லேசான வெண்மேகம் தெரியும். அப்படித் திரண்டதை உறிஞ்சிப் போட்டால் ஒரு மீனுக்கு இரட்டிப்பு, அடுத்ததற்கு ஒன்றுமில்லை என்று ஆகும். கலந்து அரை மணி நேரம் வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் 10,000 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேல்நீரில் புரதத்தையும் ஆர்.என்.ஏவையும் தனித்தனியே அளந்து பார்த்துவிடுங்கள்.

பாலி ஐசி கெட்டிருக்குமா என்ற கேள்வி நியாயமானது. உங்கள் ஃப்ரீசர் எந்த வகை? வீட்டு உபயோக ஃப்ராஸ்ட்-ஃப்ரீ என்றால், பனியை உருக்க அது அவ்வப்போது தானே சூடேறும். சிறு குப்பிகள் அரைகுறையாக உருகி உருகி உறையும். சென்னையின் மின்தடை வேறு. தூளை ஆர்.என்.ஏஸ் இல்லாத 0.9 சதவீத உப்புநீரில் மி.லி.க்கு 1 மி.கி. என்று கரைத்து, 65-70 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, பிறகு ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் தானாக ஆறவிடுங்கள். ஐஸில் வைத்துச் சட்டென்று குளிர்வித்தால் இழைகள் சரியாக இணைசேராது. நேராக ஃப்ரீசரில் போட்டாலும் இதே கதிதான். ஆறியதும் ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். சந்தேகமாக இருக்கும் குப்பியை 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் சொற்பச் செலவில் உண்மை தெரியும். நீள வகை 1.5 முதல் 8 கிலோபேஸ் வரை பட்டையாகப் பரவி நிற்க வேண்டும். எல்லாம் கீழே இறங்கிக் கிடந்தால் குப்பியைக் கொட்டிவிடுங்கள். வாங்கும்போதே நீளமா குட்டையா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு பொருளாக விற்கிறார்கள்.

அளவைக் கூட்ட வேண்டாம். 12 கிராம் மீனுக்கு 100 மைக்ரோகிராம் என்பதே தாராளம். கூட்டினால் மீன் தீவனம் எடுக்காது, வளர்ச்சி தள்ளிப்போகும், பாதுகாப்பு அந்த விகிதத்தில் ஏறாது. 10, 30, 100 என்று மூன்று அளவு வைத்து 35-ம் நாள் ஆன்டிபாடியைப் பாருங்கள். 30-ம் 100-ம் ஒன்றாக இருந்தால் 30-ஐ வைத்துக்கொள்ளுங்கள். பணக்கணக்கும் இதையே சொல்கிறது. மீனுக்கு 100 மைக்ரோகிராம் என்றால் ஒரு லட்சம் குஞ்சுக்கு 10 கிராம் பாலி ஐசி வேண்டும். மில்லிகிராம் கணக்கில் வாங்கும் பொருள் இது. இதே பொருளை உயிருள்ள வீரியம் குறைத்த தடுப்பூசியோடு சேர்க்க நினைத்தால் விளைவு தலைகீழாகும்: இன்டர்ஃபெரான் தடுப்பூசி வைரஸையே பெருகவிடாமல் அமுக்கிவிடும். டி.என்.ஏ தடுப்பூசியிலும் அளவு மிஞ்சினால் புரதம் உருவாவது குறையலாம்.

மருந்தை ஊசி போட்ட இடத்தில் பிடித்து வைக்கும் தடுப்பூசி எண்ணெயோடு சேர்ப்பதற்கும் குறைந்த அளவே வசதி. மான்டனைட் ஐ.எஸ்.ஏ 763 ஏ வி.ஜி எண்ணெயை எடை விகிதத்தில் 70-க்கு 30 நீர் என்று கலக்க வேண்டும். 0.05 மி.லி. ஊசியில் நீர்ப்பங்கு ஏறத்தாழ 15 மைக்ரோலிட்டர்தான். அதற்குள் 100 மைக்ரோகிராம் அடங்க வேண்டுமானால் பாலி ஐசிக் கரைசல் மி.லி.க்கு 6.7 மி.கி. இருக்க வேண்டும், கூழ் போல் கெட்டியாகி, எண்ணெயில் சீராகப் பிரியாது. 30 மைக்ரோகிராம் என்றால் மி.லி.க்கு 2 மி.கி. போதும். கடையும்போது ஐஸ் தொட்டியில் வைத்து விட்டு விட்டுக் கடையுங்கள். குளிர்நீரில் ஒரு சொட்டு விட்டால் முழுசாக நிற்க வேண்டும்; பால்போல் கலைந்தால் கடைசல் சரியில்லை. எண்ணெய்க்கு ஒரு விலை உண்டு: குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்வது, கரும்புள்ளி, சிறு கட்டிகள். ஆறாம் வாரம் குழுவுக்கு ஐந்து மீனைத் திறந்து, ஸ்பீல்பெர்க் அளவுகோலில் 0 முதல் 6 வரை மதிப்பெண் போட்டு எழுதிவையுங்கள். தூண்டி சேர்த்ததால் எண்ணெயைக் குறைக்க முடிகிறதா என்பதே வியாபார ரீதியில் நல்ல கேள்வி.

எம்.பி.எல் வேண்டாம். அது டி.எல்.ஆர் 4-ஐத் தட்டும் பொருள். பல மீனினங்களில் அந்த மரபணுவே இல்லை. ஜீப்ராஃபிஷில் இருந்தும் அது எண்டோடாக்ஸின் எனும் பாக்டீரியா உறை நஞ்சை நம்மைப் போல் உணர்வதில்லை. மனிதனையும் எலியையும் சுருட்டிப் போடும் எண்டோடாக்ஸின் அளவை மீன் சாதாரணமாகத் தாங்குவதும் இதனால்தான். பாலூட்டியில் வேலை செய்யும் தூண்டி மீனிலும் செய்யும் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், எந்த ஏற்பி, கொடுவாவில் அது உண்டா என்ற இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

சி.பி.ஜி உங்களுக்குப் பொருந்தலாம். மீனில் அதை டி.எல்.ஆர் 9, டி.எல்.ஆர் 21 இரண்டும் பிடிக்கின்றன. இரண்டுக்கும் பிடித்த எழுத்து வரிசை வேறு. எலிக்கான 1668, மனிதனுக்கான 2006 இரண்டையும் வைத்துப் பாருங்கள். அந்த டி.என்.ஏ இழையின் முதுகெலும்பு பாஸ்போரோதயோயேட்டாக இருக்க வேண்டும், சாதாரண டி.என்.ஏ என்றால் உடனே சிதையும். மீனுக்கு 10 மைக்ரோகிராமில் தொடங்கலாம். சி-யும் ஜி-யும் இடம் மாறிய ஜி.பி.சி கட்டுப்பாட்டையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். ஆர் 848 என்ற இன்னொரு தூண்டி சின்ன மூலக்கூறு. ஊசி போட்ட இடத்தில் தங்காது, எண்ணெயிலோ துகளிலோ பிடித்து வைத்தால்தான் பலன். ஏற்கெனவே ஈ.கோலை வளர்க்கும் உங்களுக்குச் செலவு குறைந்த வழி ஃப்ளஜெலின். டி.எல்.ஆர் 5-ஐத் தூண்டும் புரதம் என்பதால் நீங்களே தயாரிக்கலாம். உறைப் புரதத்தோடு ஒட்டவைத்து ஒரே புரதமாகச் செய்தால் துகள் கூடுவது கெடலாம். தனியாகச் செய்து கலப்பதே மேல்.

அடுத்த சோதனைக்குக் குறைந்தது இந்தக் குழுக்கள் வேண்டும்: பிபிஎஸ், தூண்டி மட்டும், ஆன்டிஜன் மட்டும், ஆன்டிஜனும் தூண்டியும். எண்ணெயும் சேர்த்தால் எண்ணெய் மட்டும், ஆன்டிஜனும் எண்ணெயும், மூன்றும் சேர்ந்தது என்று இன்னும் மூன்று. ஆன்டிஜன் குழுவில் புரதம் போடுவதுபோல், வெற்றுப் பிளாஸ்மிட் ஈ.கோலையிலிருந்து அதே முறையில் எடுத்த சாறையும் ஒரு குழுவுக்குப் போடுங்கள். பாக்டீரியா மிச்சங்களே தூண்டியாக வேலை செய்வதுண்டு. ஒரு பங்கு மீனுக்கு ஐந்தாம் நாள், வேறொரு பங்குக்கு 35-ம் நாள் வைரஸ் கொடுங்கள். 28 டிகிரியில் 35 நாள் என்றால் 980 டிகிரி நாள். அதற்குள் இன்டர்ஃபெரான் கதை முடிந்திருக்கும். தூண்டி மட்டும் போட்ட மீன்கள் ஐந்தாம் நாள் பிழைத்து, 35-ம் நாள் பிபிஎஸ் மீன்களைப் போலவே செத்தால், அப்போது மற்ற குழுக்களின் எண்ணை நம்பலாம்.

15 மீன் போதாது. 60 சதவீதச் சாவு 30 ஆகக் குறைந்ததை 80 சதவீதக் கண்டறியும் திறனோடு காட்டவே குழுவுக்கு 42 மீன் வேண்டும். தூண்டி சேர்த்ததால் 30 என்பது 15 ஆனது என்று காட்டக் குழுவுக்கு 120 வரை ஆகும். எல்லாக் குழுவுக்கும் இது கட்டுப்படியாகாது. முதலில் குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு மீனில் ஆன்டிபாடி அளவைப் பார்த்து, தேறிய ஒன்றிரண்டு கலவைக்கு மட்டும் வைரஸ் சோதனை வையுங்கள். பிபிஎஸ் குழுவில் 60 சதவீதமாவது சாகவில்லை என்றால் அந்தச் சோதனையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கொடுவா ஒன்றையொன்று விழுங்கும். தொடக்கத்திலேயே அளவு பிரித்துவிடாவிட்டால் காணாமல் போன மீனை நோயில் செத்ததாக எழுதிவிடுவீர்கள். செத்தது ஒவ்வொன்றின் மூளையையும் கண்ணையும் ஆர்.டி-பிசிஆரில் உறுதிசெய்யுங்கள். பிழைத்ததன் மூளையையும் பாருங்கள்; அவை ஒருபோதும் பண்ணைக்குத் திரும்பக் கூடாது. சுத்தமான நீரில் 50 பிபிஎம் குளோரின் பத்து நிமிடத்தில் இந்த வைரஸை முடக்கும். தீவனமும் கழிவும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் வடிகால் தொட்டியில் மிச்சக் குளோரினை அளந்து பார்த்து, பிறகே குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் போட்டு வெளியேற்றுங்கள். மீனும் முதுகெலும்பி, விலங்கு நெறிமுறைக் குழு, உயிரிப் பாதுகாப்புக் குழு இரண்டின் அனுமதியும் இல்லாமல் இதில் எதையும் தொடங்காதீர்கள்.

ஊசி போடும் நாளுக்கு முந்தைய 24 மணி நேரம் பட்டினி. லிட்டருக்கு 30-40 மி.கி. கிராம்பு எண்ணெயில் இரண்டு மூன்று மீனை முதலில் சோதித்துவிட்டு மற்றவற்றை இறக்குங்கள். 27 கேஜ் ஊசி, வயிற்றுத் துடுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையே நடுக்கோட்டில். ஊசி ஆழமாகப் போனால் மருந்து குடலுக்குள் இறங்கிவிடும். எண்ணெய்த் தடுப்பூசி கைவிரலில் ஏறினால் துளை சின்னதாக இருக்கிறதே என்று விடக் கூடாது. தயாரிப்பின் பெயர்ச்சீட்டோடு உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தீவனத்தில் பாலி ஐசி கலப்பது வீண். கொடுவாவின் வயிறு அமிலம்; ஆர்.என்.ஏ அங்கே தங்காது. பீட்டா குளுக்கான் கலந்த தீவனம் பொதுவான எதிர்ப்பைச் சற்று உயர்த்தும், அதைத் தடுப்பூசிக் கணக்கில் எழுத முடியாது. அதைவிட, இந்த நோய் அதிகம் அள்ளிக்கொண்டு போவது பொரித்த முதல் சில வாரங்களில். அப்போது நினைவு எதிர்ப்பு முறையே முதிர்ந்திருக்காது. இன்னும் உருவாகாத செல்லை எந்தத் தூண்டியாலும் எழுப்ப முடியாது. அந்த வயதுக்கு வழி வேறு: தாய்மீனை பிசிஆரில் சோதித்து ஒதுக்குவது, தாய்மீனுக்குத் தடுப்பூசி, முட்டையைக் கிருமிநீக்கம் செய்வது, தொட்டிக்குத் தொட்டி தனி வலை வைப்பது.

இதற்கெல்லாம் முன்பு, கையில் இருக்கும் சீரத்தை எடுங்கள். 45 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள், மீனின் காம்ப்ளிமென்ட் (சீரத்தில் இயல்பாகவே உள்ள எதிர்ப்புப் புரதங்கள்) அதிலேயே செயலிழக்கும். மனிதச் சீரத்துக்கான 56 டிகிரி தேவையில்லை. 1:20-லிருந்து இரட்டிப்பாக நீர்த்து, 100 டிசிஐடி50 (ஒரு டிசிஐடி50 என்பது பாதி செல் வளர்ப்புகளைத் தொற்றும் அளவு) வைரஸோடு கலந்து, எஸ்.எஸ்.என்-1 அல்லது இ-11 எனும் மீன் செல் வளர்ப்பில் 25-28 டிகிரியில் பத்து நாள் பாருங்கள். கூடவே உங்கள் புரதம் பூசிய எலைசாவும். எலைசா உயர்ந்து, வைரஸை முடக்கும் அளவு இல்லை என்றால் புரதத்தின் மடிப்புதான் பிரச்சினை. பாலி ஐசியை எத்தனை மாற்றினாலும் தீராது. இரண்டும் தாழ்வு என்றால் கலவையையும் எண்ணெயையும் கவனியுங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் மீன் செத்திருந்தால், அன்று கொடுத்த வைரஸின் அளவை மறுபடி அளந்து பாருங்கள்.